பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே

லால் பாஷா பழைய பஸ் ஒன்றை வாங்கி, கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டைக்கு விடப் பர்மிட்டும் எடுத்திருந்தார். பாடி கட்டும் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோதே நிறமெல்லாம் அவர் மனசில் முடிவாகியிருந்தது. கீழே மண் நிறம். புழுதி படிந்தாலும் தெரியாது. அதற்கு மேல் ஜன்னல் வரைக்கும் பச்சை. கூரையை ஒட்டிக் கருநீலம். பெங்களூரில் தெரிந்தவரிடம் சொல்லிக் கலக்கிய பெயிண்டைப் பேர் ஒட்டாத டின்களில் இறக்கிவிட்டுப் போனார்.

பெயிண்டர் முனிவேல் எழுத்து எழுதுவதில் பேர் வாங்கினவன். மேஸ்திரி சென்னகிருஷ்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்த வேலை முழுக்க அவன் தலையில் விழுந்தது. கீழ்ப்பகுதியை அடித்துக்கொண்டே போனான். ஒரு டின் தீர்ந்தது. இன்னொன்றைத் திறந்து மீதியையும் அடித்தான்.

மதியம் அவன் மனைவி சரோஜம்மாள் களி கொண்டுவந்தாள். பஸ்ஸைப் பார்த்ததும் தூக்குச்சட்டியை இறக்காமலே நின்றாள்.

"என்ன மாமா இது? முன்னாடி மண்ணு நெறம், பின்னாடி பச்சை?"

"எங்க?"

"இதா, இங்கதான் மாறுது." விரலால் காட்டினாள்.

முனிவேல் கிட்டே போனான். பின்னால் நகர்ந்து பார்த்தான். தலையைச் சாய்த்தும் பார்த்தான். அப்புறம் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, சரோஜா. சின்னதுல இருந்தே அப்படித்தான். டின்னுல இருக்கற பேரைப் படிச்சுப் படிச்சு ஓட்டிட்டேன். இந்த டின்னுல பேர் இல்ல."

சரோஜம்மாளுக்குச் சந்தை நினைவு வந்தது. ராயக்கோட்டைச் சந்தைக்கு அனுப்பினால் பையில் பாதி பழுக்காத தக்காளியாகக் கொண்டுவருவான். "கண்ணு எங்க இருந்துச்சு?" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறாள், அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி! ஒரு தடவைகூட அவன் பதில் சொன்னதில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"பெயிண்டரைக் கட்டிக்கிட்டேன்னு எல்லாருகிட்டயும் பெருமையாச் சொல்லிட்டிருந்தியே. எப்படிச் சொல்றது?"

அந்த நேரத்தில் லால் பாஷாவே வந்துவிட்டார். பஸ்ஸைப் பார்த்து முதலில் சிரித்தார். "என்னப்பா முனிவேலு, ரெண்டு பஸ்ஸை வெட்டி ஒட்டிட்டியா?" முனிவேல் நிமிரவில்லை. அவருக்குச் சிரிப்பு நின்றது. சரோஜம்மாள்தான் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது புருஷனுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். "நீலமாவது தெரியுமா?"

"நீலம் நல்லாத் தெரியும் பாய்," என்றான் முனிவேல்.

"அப்போ அந்த நீலத்தை மேல அடிக்காம நடுவுல அடிச்சிட்டா?" என்றாள் சரோஜம்மாள். "பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவுல வரப்பு மாதிரி. அவரு அதைத் தாண்ட மாட்டாரு. பின்னாடி மாறிப்போனதை மண்ணு நெறத்தாலயே மூடிரலாம். எந்த டின்னு எதுன்னு நான் சொல்றேன்."

"கூரையை ஒட்டித்தான் நீலம்னு நான் நெனச்சிருந்தேனே," என்றார் லால் பாஷா, மனசில்லாமல். சாக்கட்டி எடுத்து பஸ்ஸின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். தள்ளி நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். "சரி, அடிங்க. நல்லா இல்லன்னா அழிச்சிட்டு மறுபடி அடிக்கலாம்."

அழிக்கவேண்டி வரவில்லை. நீலம் நடுவில் வந்ததும் பச்சை பளிச்சென்று எழுந்தது. மண் நிறம் கனமாக அடியில் உட்கார்ந்தது. சரோஜம்மாள் பலகையில் உட்கார்ந்து ஒவ்வொரு டின்னையும் திறந்து நிறத்தைச் சொன்னாள். அவன் அடித்தான். நடுவே களி ஆறிப்போனது.

கிளம்பும்போது லால் பாஷா அவனைத் தனியாக அழைத்தார். "நான் யாருகிட்டயும் சொல்லப்போறதில்ல. ஆனா மேஸ்திரிகிட்ட நீயே சொல்லிடு. மனசுல வெச்சுக்கிட்டு எத்தன நாளு பயந்துட்டு இருப்ப?"

காய்ச்சல் விட்டு வந்த சென்னகிருஷ்ணனிடம் முனிவேல் சொல்லிவிட்டான். மேஸ்திரி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. டின்களின் மேல் பெரிய எழுத்தில் பேர் எழுதிவைக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஷெட்டில் வேலை செய்த மற்றவர்கள்தான் சும்மா இருக்கவில்லை. சட்டையைக் காட்டி, "இது என்ன கலரு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். முனிவேல் அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனான். மறுநாள் வரமாட்டான் என்று நினைத்தார்கள். வந்தான். மேஸ்திரி ஒரு அதட்டல் போட்டார். பேச்சு மெல்ல அடங்கியது.

பஸ் முதல்முறை கிளம்பிய அன்று லால் பாஷா முனிவேலையும் சரோஜம்மாளையும் ஏற்றிக்கொண்டார். ஜன்னலோர இடம் முனிவேலுக்கு. பஸ் ஊரைத் தாண்டியதும் அவன் வெளியே தலையை நீட்டிக் குனிந்து, தான் அடித்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"யோவ், தலைய உள்ள எடு! எதுத்தாப்புல லாரி வருது!" என்று கண்டக்டர் கத்தினார்.

சரோஜம்மாள் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவளே மெதுவாக, "இப்ப ரோடு காலிதான். பாத்துக்க," என்றாள்.