உருப்படாதவன்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் டோரினின் மகன் கிளறன்ஸுக்கு இடது கை காணாமற்போனது தொண்ணூற்றாறாம் ஆண்டு, பாண் ரொட்டி விலை ஏறிய அதே செவ்வாய்க்கிழமை. வலி இல்லை, இரத்தம் இல்லை. பிடித்திருந்த தேத்தண்ணிக் கோப்பை மட்டும் காற்றில் நின்றது. காரணம் தேடி டோரின் அலையவில்லை. கீழ்வீட்டுப் பென்ஷன்காரர் சுந்தரலிங்கம் காலையில் பேப்பரை விரித்தால், இந்தக் காலத்துப் பொடியன்கள் உருப்படாதவர்கள் என்றுதான் தொடங்குவார். பத்து மணிவரை படுக்கிற, காதுவரை முடி வளர்த்த, வேலைவெட்டி இல்லாத கிளறன்ஸின் முகத்துக்கு நேரேயே சொல்லுவார். முப்பது வருடம் ஒரே மேசையில் முத்திரை குத்தியவருக்கு அந்தச் சொல்லும் ஒரு முத்திரை. அன்று அது பலித்தது, உரு கழன்றது.

அந்த மனிதரைக் கண்டாலே டோரினுக்குக் குமட்டியது. இருபத்திரண்டு வயதுக்குள் பொலிஸ் இரண்டு தரம் பிடித்து அடைத்த பிள்ளை. அடையாள அட்டையில் தமிழெழுத்தைக் கண்டதும் வேலை இல்லை என்றவர்கள் எத்தனை பேர். சந்திவரை போவதற்கே அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையை நாலு தரம் தடவுகிறவன் படுத்துக் கிடக்காமல் என்ன செய்வான்? ஆனியில் வலது காதும் போனபோது, மீன் கழுவிய தண்ணீரை அவருடைய வாசற்படியில் கொட்டிவிட்டுச் சொன்னாள்:

"ஐயா, உங்கட வாயால என்ட பிள்ளையத் தொடாதீங்க."

நாற்றத்துக்கோ ரோசத்துக்கோ அவர் வாயை மூடினார். மூன்று மாதத்தில் விரல் விரலாகக் கை திரும்பியது. காது கடைசியில் வந்தது.

புரட்டாதியில் ஒரு விடியற்காலை, அவர்கள் வீடிருந்த குறுகிய ஒழுங்கையைப் பொலிஸும் ஆமியும் சுற்றி வளைத்தார்கள். இளவட்டங்களை வீடுவீடாக இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். போன முறை ஏறியவர்களில் மூவர் இன்னும் வரவில்லை. வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிஸில் பதிந்த பட்டியலில் கிளறன்ஸின் பெயர் இருந்தது. சப்பாத்துச் சத்தம் ஒழுங்கைக்குள் நெருங்க, டோரின் கீழே எட்டிப் பார்த்தாள். சுந்தரலிங்கம் வாசலில் நின்றார், அந்தச் சொல்லுக்கு வாய் திறக்கவில்லை. ரோசம் காக்கிறாராம், சனியன். திரும்பி மகனைப் பார்த்தாள். பிறந்த அன்று போல ஒரு குறையும் இல்லாமல் கட்டிலில் இருந்தான். அந்த மனிதருடைய சொல்லைத் தன் வாயில் எடுத்தாள்:

"நீ உருப்படவே மாட்டாய், மகன்."

தாயின் சொல்லுக்கு வலு கூட. தலைமுடி முதல் கால்நகம்வரை ஒரே மூச்சில் போய்விட்டான். வந்தவர்கள் கட்டிலுக்குக் கீழே குனிந்து, அலுமாரியைத் திறந்து, மகன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். இல்லை என்றாள் டோரின். போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் சங்கதி அறிந்த ஒழுங்கைத் தாய்மார், அந்தச் சொல்லைக் கேட்டு, மிச்சமிருந்த பிள்ளைகளோடு சுந்தரலிங்கத்தின் வாசலில் வரிசையில் நின்றார்கள். இத்தனை காலம் கேட்காமலே சொன்னவருக்கு, மற்றவர்கள் கேட்டுச் சொல்லும்போது நாக்குத் தடக்கியது. டோரின் காறித் துப்பினாள். அவரை நினைத்து அல்ல, தன் வாயை நினைத்து.

அவர் சொல்லி மறைந்தவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பினார்கள். கிளறன்ஸுக்கு உரு திரும்பவில்லை, தாய் சொன்னது சொன்னதுதான். இப்போதும் அந்த வீட்டில் பத்து மணிவரை படுக்கிறான். மெத்தையில் குழி நிமிர்ந்ததும் டோரின் தேத்தண்ணி ஊற்றி வைக்கிறாள். கோப்பை எழும்புகிறது. சீனி காணாது, இன்னும் போடு என்கிறான். போடுகிறாள்.