கோப்பு அறையில் அரை மணி நேரம்

நாள் முழுக்கத் தொலைபேசியில் புகார் கேட்பதுதான் அவளுக்கு வேலை. ஃபிரிட்ஜ் குளிரவில்லை, வாஷிங் மெஷின் ஆடுகிறது என்று எண்பது பேராவது காதைப் பிய்த்தெடுப்பார்கள். வீட்டுக்குப் போனால் இரண்டு அறையில் ஆறு பேர். குளியலறைக்குள் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் நாத்தனார் கதவைத் தட்டி, "அண்ணி, உள்ளதானே இருக்கீங்க?" என்பாள்.

அதனால் மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவோடு பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம். தூசிதான், ஆனால் தூசி எதையும் கேட்காது.

மூன்றாம் வாரம் மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனிதர், அதுதான் வினை. ஊழியர் யாரும் தனியாக வாடக்கூடாது என்று ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தார். உடனே அவள் கணவனுக்குப் போன் போட்டார். அவன் பதறிப்போய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்ல, சாயங்காலம் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்ததுபோல் கூட்டம்.

"என்ன குறைன்னு என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்றான் கணவன்.

"குறை ஒண்ணும் இல்ல. யாரும் இல்லாம கொஞ்ச நேரம் சாப்பிடணும். அவ்வளவுதான்."

அவன் நம்பவில்லை. அலுவலகத்திலும் யாரும் நம்பவில்லை. மறுநாளிலிருந்து முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் கோப்பு அறைக்கு வந்து துணைக்கு உட்கார்ந்தார்கள். ஆறுதல் சொன்னதைவிடத் தங்கள் மாமியார் கதையைச் சொன்னதுதான் அதிகம். காலையில் கேட்டது போதாதென்று மதியமும் புகார்.

பொறுக்கமாட்டாமல் மேலாளரிடமே போய், தனிமை வியாதி இல்லை, தூக்கம்போல அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான் என்று விளக்கினாள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை 'தனிமைப் பயிற்சி', இருபத்திரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும், முடிவில் குழுப் புகைப்படம் என்று அறிவிப்பு ஒட்டினார்.

"எல்லாரும் போயிட்டா போனை யார் சார் எடுக்கறது? நான் இருந்துக்கறேன்," என்றாள்.

"உங்களுக்காகத்தானேம்மா இதையே ஏற்பாடு பண்ணினேன்," என்று அவர் நெகிழ்ந்துபோனார். அவளுடைய தியாகத்தைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதாகவும் வாக்களித்தார்.

வெள்ளியன்று மூன்று மணிக்கு மாடியே காலியானது. பக்கத்து அரங்கில் பயிற்சியாளர், எல்லோரும் அடுத்தவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்வது கேட்டது. அவள் எழுந்து போய் இடைக்கதவைச் சாத்தினாள். ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். அன்று அதிசயமாக இரண்டு பேர்தான் போனில் கூப்பிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் மழை வருமா வராதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பயிற்சியை வாராவாரம் நடத்தவேண்டும் என்று ஆலோசனைப் பெட்டியில் முதல் சீட்டை எழுதிப்போட்டவள் அவள்தான்.