மூன்று தாளில் ஒன்பது பேர்

மகளிர் குழுவின் புது அறை வெள்ளிக்கிழமை திறப்பு. தோணிரேவு ஊரில் ஏரிக்குள் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பத்துப் பெண்களின் அறை அது. உள்ளே ஒரே ஒரு பெரிய சுவர். அதில் எந்தப் படம் என்பதுதான் ஒரு வாரமாகப் பேச்சு.

வார்டு மெம்பர் சிவகுமார் இலவசமாக ஃபிளெக்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தான். குழுவில் இருக்கும் பவுனம்மாளின் மகன். மாதிரியை ஃபோனில் காட்டினான். அவன் ஆள் உயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கீழே ஒரு வரிசையில் பத்துப் பெண்கள், கடுகு போல.

"நான் எடுத்தது இருக்குதுக்கா," என்றாள் இந்திராணி.

குழுவில் அவள்தான் இளையவள். பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வைத்திருந்தாள். ஒரு சுருள் தீர ஒரு மாதம் ஆகும். சென்னைக்கு அனுப்பிக் கழுவி, பென் டிரைவில் ஏற்றி வாங்குவாள்.

"ஃபோன்ல எடுத்திருந்தா இந்நேரம் பாத்து மறந்தே போயிருப்போம்," என்றாள் பவுனம்மாள்.

தலைவி ராஜம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். "என் மூஞ்சி என் மூஞ்சி அளவு இருக்கணும். போன தபா பேப்பர்காரன் எடுத்தான். ஏரியில தேங்கா மிதக்குற மாதிரி இருந்துச்சு. மறுபடி அப்டித்தான் வரும்னா ஃபிளெக்ஸே மாட்டிக்கலாம்."

இந்திராணி அளந்து பார்த்தாள். ஆறடி நீளம், நாலடி உயரம் வேண்டும். ஃபிலிம் கழுவிய கடையில் ஒன்பதாயிரம் சொன்னார்கள். பொன்னேரியில் ஃபிளெக்ஸ் கடைக்காரர் ஒரு துண்டு அடித்துக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம் பச்சையாக வந்தது. ராஜம்மாவின் முகத்தில் பாசி படர்ந்த மாதிரி இருந்தது.

வெளியே வந்தாள். இரண்டு பேர் பைக் சீட்டின் மேல் ஒரு தாளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு பிளான். தாள் பைக்கை விடப் பெரிதாக இருந்தது. எங்கே அடித்தது என்று கேட்டாள். பின்தெருவைக் காட்டினார்கள்.

பின்தெருக் கடைக்காரர் பெயர் நீலமேகம்.

"இந்த மிஷின்ல வீட்டு பிளான் மட்டுந்தாம்மா போடுவோம்."

"என் படத்துல இருக்கவங்க பாதி நாள் ஏரியிலதான் குடியிருக்காங்க. போடுங்க."

அவர் சிரித்தார். பென் டிரைவை வாங்கிப் படத்தைத் திறந்தார். சிரிப்பு நின்றது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"தாள் அகலம் மூணடி. ரெண்டு தாள்ல வந்துரும். ஆனா ஒட்டு நட்டநடுவுல வரும். இந்தம்மா மூக்கு ரெண்டாயிடும்."

நடுவில் இருந்தது ராஜம்மா.

"அப்புறம் எனக்கு மூக்கே இருக்காதுங்க," என்றாள் இந்திராணி. "மூணு தாளாப் போட்டா?"

திரையில் இரண்டு கோடுகள் இழுத்தார். ஒன்று மூன்றாவது தலைக்கும் நான்காவது தலைக்கும் நடுவே. மற்றது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே. இரண்டும் தண்ணீரில் விழுந்தன.

தாள் ஒன்று நூற்றிருபது ரூபாய்.

வியாழன் மாலை மைதா பசை காய்ச்சிச் சுவரில் ஒட்டினாள். ராஜம்மா ஏரியிலிருந்து ஈரச் சேலையோடு நேராக வந்தாள். சுவரில் மூக்கு படுமளவு நெருங்கினாள்.

"இன்னாடி, மூஞ்சியெல்லாம் மணலு?"

"கிட்ட நின்னா அப்டித்தான்கா. வாசலாண்ட போய்ப் பாரு."

போனாள். திரும்பினாள். கழுத்தளவு தண்ணீரில் ஒன்பது பேர். இறாலைப் போடும் ஓலைப் பறி ஒவ்வொருத்தி முன்னாலும் மிதந்தது. அதன் கயிறு பல்லிடுக்கில். ஒன்பது பேரும் நேராகப் பார்த்தார்கள்.

ராஜம்மா சுவரருகே வந்தாள். படத்தில் தன் நெற்றியிலிருந்து மோவாய் வரை கையை விரித்து வைத்தாள். அதே கையைத் தன் முகத்தில் வைத்தாள்.

"செரி," என்றாள். "அந்த மூல தூக்கிக்கினு இருக்குது. அழுத்து."

வெள்ளிக்கிழமை காலை சிவகுமார் சுருட்டிய ஃபிளெக்ஸோடு வந்தான். உள்ளே காலை வைத்தவன் நின்றுவிட்டான். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனான். எட்டாவது முகத்தில் நின்றான்.

"ம்மா, இது நீயா?"

"பின்ன யாரு?" என்றாள் பவுனம்மாள்.

"இன்னா இவ்ளோ அமைதியாக்கீற?"

"வாயில கயிறு. இல்லாங்காட்டி உன்னைத் திட்டிக்கினு இருப்பேன்."

அறை சிரித்தது. அவனும் சிரித்தான். சுருட்டியது கையிலேயே இருந்தது.

பவுனம்மாள் கையை நீட்டினாள். "குடு நைனா. இறாலு காயப்போட ஆவும். நல்லாப் பெருசாக்கீது."

கொடுத்தான்.