அடிப்பிடித்த சீஸ்

நகரத்துக்கு வெளியே கர்க்லாண்டில் இருக்கும் தம்பி ஜோன்சன் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: "மூண்டு மாதத்துக்கு அப்பாவை நீ வைச்சிரு." பஸ்ஸில் அப்பா பக்கத்தில் இருந்தார், அவருடைய உடுப்புப் பை என் மடியில் இருந்தது. மறதி வருத்தம் வந்த நாலு வருசமாக அப்பா என்னோடுதான். மருந்துப் பக்டரியில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தால், அடுப்பை நூர்க்காமல் எரியவிட்டாரா, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாரா என்ற பயம் வேறு. எனக்கு அலுத்துவிட்டது. சொல்ல வெட்கமும் இல்லை, அவ்வளவு அலுப்பு.

ஞாயிறு பூசை முடிந்து மத்தியானம் தம்பி வீட்டில் ஃபொண்டூ விருந்து. அவனுடைய ஒஃபிசிலிருந்து இரண்டு பிரெஞ்சுக்காரர் வந்திருந்தார்கள். சுவிஸ் மலைக்காரர் பனிக்காலத்தில் பழைய சீஸைச் சட்டியில் உருக்கி, காய்ந்த பாண் துண்டுகளைத் தோய்த்து, ஒன்றையும் வீணாக்காமல் சாப்பிட்டதுதான் இது என்று ஜோன்சன் பெரிய விளக்கம் கொடுத்தான். எங்கள் அப்பா டவுன்டவுனில் சுவிஸ் ரெஸ்டோரன்ட் ஒன்றில் ஷெஃப்பாக இருந்தவர் என்றும் சொன்னான்.

ஷெஃப்பாம்! அப்பா அங்கே கோப்பை கழுவினவர். சட்டியின் அடியில் பிடித்த சீஸைச் சுரண்டி, ஃபொயிலில் சுற்றிக் கொண்டுவருவார். காலையில் தேத்தண்ணியோடு நானும் ஜோன்சனும் கடிப்போம், அப்பளம் போல மொறுமொறு என்று இருக்கும். ஃபொண்டூ என்றால் அதுதான் என்று நம்பியிருந்தோம். வகுப்பில் அப்படிச் சொல்லப்போய், பிள்ளைகள் எல்லாம் சிரித்து, ஜோன்சன் அழுதுகொண்டு வந்தான். அதற்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை.

சீஸ் முடிந்ததும் அப்பா எழும்பினார். யாரையும் கேட்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய், சேர்ட் கையை மடித்துவிட்டுச் சுரண்டத் தொடங்கினார். ஜோன்சன் ஓடிப்போய் கையைப் பிடித்தான்.

அப்பா பதறிவிட்டார். "தம்பி, முதலாளியிட்டச் சொல்லிப்போடாத. வீட்டில ரெண்டு பிள்ளையள் இருக்கு."

விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோன்சனின் முகம் கறுத்துப்போயிற்று. "அக்கா, கெதியாக் கூட்டிக்கொண்டு போ. ஆக்கள் பாக்கினம்."

கெஞ்சிக் கேட்கத்தான் வந்தேன். அதைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பையை மேசையில், சீஸ் தட்டுகளுக்கு நடுவில் வைத்தேன்.

"உடுப்பும் மருந்துக் குளிசையும் கிடக்கு. மூண்டு மாதம். அது முடியப் பேந்து வாறன்."

நான் கோட்டைப் போடும்போது அப்பா, சுரண்டின சீஸைச் சுற்றின ஃபொயில் சுருளை என் பொக்கற்றுக்குள் வைத்தார். "தங்கச்சி, போற வழியில எங்கட வீட்டில குடுத்துவிடு. பிள்ளையள் ரெண்டு பேரையும் பாதிபாதியாப் பிரிக்கச் சொல்லு."

என்னையும் அவருக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. ஆனாலும் வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஆறுதலாக உட்கார்ந்து என் பங்கைக் கடித்தேன். அதே உப்பு. அப்போது ஜோன்சன் போன் எடுத்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அக்கா, அப்பா தந்ததில என்ர பங்கு கிடக்கோ?"

"ஓம், கிடக்கு," என்றேன். "மூண்டு மாதம் முடியத் தாறன்."