துடைக்காத கை

நான் இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். டெஸ்ட் ஸ்ட்ரிப் இரண்டு அடித்தேன் என்று சில நாள் தோன்றும். ஒன்றுதான் அடித்தேன் என்று வேறு சில நாள் தோன்றும். சாந்தினியின் கையில் விரல் தடம் இருந்தது. அது படத்திலேயே இருந்தது, அதில் எனக்குக் குழப்பமில்லை. எவ்வளவு கருமையாக இருந்தது என்று கேட்டால்தான் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதன்மேல் என் கையும் பட்டிருக்கிறது.

மலேசியாவின் குளுவாங் ஊரில் சபாபதி அண்ணன் நடத்தும் பிரிண்டிங் கடையின் பின்னறையில் எனக்கு வேலை. ஸ்டூடியோக்காரர்கள் அனுப்பும் கல்யாணப் படங்களை அச்சுக்குத் தயார் செய்வேன். திரையில் ஒளிர்வது தாளில் அப்படியே வராது. தாள் மையைக் குடிக்கும். நிழல்கள் அடைத்துக்கொள்ளும். தோல் சிவந்துவிடும், இல்லாவிட்டால் சாம்பல் பூத்துவிடும். எந்தத் தாளுக்கு எவ்வளவு நிழலைத் திறக்க வேண்டும், எதைக் கூர்மையாக்க வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. பெரிய படமாக இருந்தால் முழுதாக அடிக்கும் முன் தோல் தெரிகிற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் அடித்துப் பார்ப்போம். அதுதான் டெஸ்ட் ஸ்ட்ரிப். அதைச் சுவரில் ஒட்டி, வெள்ளை விளக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசாமல் இருப்பதும் வேலையில் சேர்த்தியாக இருக்கும் வேறு இடம் எனக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, ஜொகூர் பாருவில் இருக்கும் படக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு ஃபைல் வந்தது. கல்யாண மண்டபத்தின் வாசலில் நிறுத்திவைக்கும் படம். நான்கடி அகலம், ஆறடி உயரம். மெர்சிங் கடற்கரையில் எடுத்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை தீபன்.

தீபன் என் கணவனாக இரண்டு வருடம் இருந்தவன்.

பின்னறையில் இருப்பது யார் என்று படக்காரருக்குத் தெரியாது. தீபனுக்கும் தெரியாது. படக்காரர் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய செய்தியை அப்படியே எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். முகத்தை வெளுப்பாக்கணும், கடலை நீலமாக்கணும் என்ற வழக்கமான பட்டியல். கடைசியில் ஒரு வரி: பொண்ணு கையில ஒரு கறை மாதிரி இருக்கு, அதை மட்டும் துடைச்சிருங்க.

அந்த வரியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

அப்போது லாயாங் லாயாங் ஊரில் எங்கள் வீடு. முதல் கல்யாண நாளுக்கு எடுத்த படத்தை வீட்டிலிருந்த கம்ப்யூட்டரில் நானே சரி செய்துகொண்டிருந்தேன். படம் எடுத்தது சனிக்கிழமை. அவன் என் கையைப் பிடித்து முறுக்கிச் சுவரில் தள்ளியது வியாழக்கிழமை. படத்தில் ரவிக்கைக் கையின் விளிம்புக்குக் கீழே கன்றிப்போன இடம் தெரிந்தது. தீபன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். கையில் மைலோ கிளாஸ்.

"நல்லாத்தான் வந்திருக்கு. அதை மட்டும் துடைச்சிரு, யோகா."

துடைத்தேன். என் கையை நானே துடைத்தேன். பக்கத்திலிருந்த நல்ல தோலை எடுத்துக் கெட்ட தோலின்மேல் பூசிக்கொண்டே வந்தால் இரண்டு நிமிட வேலை. பிறகு ஒரிஜினல் படத்தின் மேலேயே சேவ் பண்ணினேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே, அதைச் செய்யாதே என்று சொல்லுவார்கள். நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வாரம் கழித்துக் கூலாயில் என் அண்ணன் வசந்தன் வீட்டில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். தீபன் குரலை உயர்த்தவே இல்லை.

"எந்தக் கை? காட்டு."

காட்ட என்ன இருந்தது? ஐந்து வாரத்தில் தோல் பழையபடி ஆகிவிட்டது. அவன் கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை அண்ணனிடம் நீட்டினான்.

"வியாழக்கிழமை அடிச்சேன்னு சொல்றா. இது சனிக்கிழமை எடுத்தது, மச்சான். நல்லா பெருசாக்கிப் பாருங்க."

அண்ணன் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே, யோகா."

"நான்தான் துடைச்சேன், அண்ணே."

"அலமாக்!" என்று வியப்பதுபோல் நடித்தான் தீபன். "கம்ப்யூட்டர்ல ரத்தக்கட்டு கூட ஆறுமா? அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு லா?"

சிரித்தார்கள். அவன் வீட்டார் மட்டும் இல்லை. அண்ணனும் சிரித்தார். உடனே அடக்கிக்கொண்டார், ஆனால் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எனக்குப் பெயர் பொய்க்காரி. மணமுறிவுக்குப் பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை. கிண்டலாகக் கேட்பார்கள், "இதையும் துடைச்சிட்டியா?" என்று. எட்டு வருடமாக அந்தச் சிரிப்பை நான் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவரோடும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மணப்பெண் சாந்தினியின் படத்துக்கு வருகிறேன். மேக்கப் நன்றாகவே போட்டிருந்தார்கள். சாதாரணமாகப் பார்த்தால் மேல்கையில் ஒரு மங்கல் மட்டும்தான். ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும். நீல அடுக்கைத் தனியாகத் திறந்தால் தோல் எதையும் மறைக்காது. பருவின் தழும்பு, நரம்பு, தூங்காத கண்ணின் கீழ்ப்பகுதி, எல்லாம் கறுப்பாக எழும்பி வரும். திறந்தேன். மேல்கையின் உட்புறத்தில் தடங்கள் வரிசையாக இருந்தன. இரண்டு தெளிவாக இருந்தன. மற்ற இரண்டும் இருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

சபாபதி அண்ணன் கோப்பியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன லா, காலையில இருந்து அந்தக் கைலயே நிக்கிற? கைக்குத் தனியா கல்யாணமா?"

"தோல் கலர் சரியா வரல, அண்ணே."

"சீக்கிரம் பாரு மா. சனிக்கிழமை பொண்ணு வீட்டுல இருந்து வந்து எடுத்துக்குவாங்களாம். அத்தை வராங்க. பண்டார் தெங்காராவுல இருந்து. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவங்களாம், பார்த்து மரியாதையா பேசு."

நர்ஸ். அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் முடிவு செய்தேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பிற்பாடு பலர் அப்படிச் சொன்னபோது மறுக்கவும் இல்லை. ஆனால் அன்று அந்த நாற்காலியில் நான் நினைத்தது சாந்தினியை அல்ல. தீபன் ஒரு கூட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும், அவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் இருக்க வேண்டும். அது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

இந்த முறை ஃபைலை இரண்டாகச் சேவ் பண்ணினேன். ஒன்றில் கையைத் துடைத்தேன். சிறிதாக்கி, படக்காரர் வழியாகத் தீபனின் வாட்சப்புக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கட்டைவிரல் வந்தது. சூப்பர், அடிச்சிருங்க என்று ஒரு வரியும் வந்தது.

மற்றதில் துடைக்கவில்லை. அந்தத் தாளுக்கு நிழல்களைத் திறந்தேன். முகங்களைச் சரி செய்தேன். பிறகு கையை மட்டும் தனியாகப் பிரித்து, அதன்மேல் கர்வ் ஒன்று வைத்தேன். அது ஒரு கோடு. அதைக் கீழே இழுத்தால் கருமை கூடும். பளபளப்பில்லாத மேட் தாளில் எல்லாம் மங்கலாகிவிடும், அதை ஈடுகட்டத்தான் இழுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. மேட் தாள் அப்படித்தான். எவ்வளவு இழுத்தேன் என்பதுதான் கேள்வி. ஒரு மயிரிழை என்று கை சொல்கிறது. அச்சடித்த துண்டைச் சுவரில் ஒட்டியபோது தடங்கள் நான்கும் தெரிந்தன. அதற்கு முன் ஒரு துண்டு அடித்து, போதவில்லை என்று கசக்கிப் போட்டேனா? கசக்கிய தாளின் சத்தம் நினைவில் இருக்கிறது. ஆனால் அந்த அறையில் தினமும் தாள் கசங்கும்.

சனிக்கிழமை மத்தியானம் மழை. பெண்ணின் அத்தை கஸ்தூரி ஆன்ட்டி குடையை வாசலில் உதறிவிட்டு வந்தார். சாந்தினிக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. வளர்த்தது இந்த அத்தைதான் என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. படத்தை விளக்கின் கீழே நிறுத்தினேன்.

"அட, ராஜாத்தி மாதிரி இருக்கா பாரு," என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முகத்தைப் பார்த்தார், நகையைப் பார்த்தார், சேலைக் கரையைப் பார்த்தார். பிறகு பேச்சு நின்றது.

படம் ஆளுயரம். கையும் கையளவு. ஆன்ட்டி தன் நான்கு விரலைக் கொண்டுபோய் அந்தத் தடங்களின்மேல் வைத்தார். தாளைத் தொடாமல், ஒரு நூல் இடைவெளி விட்டு வைத்தார். அவர் விரல்கள் போதவில்லை. தடம் பெரிய கையுடையது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அந்த மௌனத்தை நான் கலைக்கவில்லை. எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு அது நீளமாகத் தெரியவில்லை.

"இது என்ன மா?"

"படத்துல இருந்தது, ஆன்ட்டி."

"கல்யாணப் படத்துல இதையெல்லாம் துடைக்க மாட்டீங்களா?"

"துடைக்கச் சொன்னாங்க. மாப்பிள்ளை சொன்னாரு. நான் துடைக்கல."

"ஏன்?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உன் பேரு என்ன?"

"யோகேஸ்வரி."

பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. தலையை மெதுவாக ஆட்டினார். "அந்த யோகாவா நீ. கம்ப்யூட்டர்ல துடைச்சேன்னு சொன்ன பொண்ணு."

"ஆமா, ஆன்ட்டி."

"பொறாமையில பண்ணியா?"

"பொறாமை இல்ல. கோபம்."

"கோபம் உன் பாடு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இது அவ கையில இருந்துச்சா? இல்ல நீ வரைஞ்சியா?"

"இருந்துச்சு," என்றேன்.

கர்வைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை என்று பிறகு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் அதைத்தான் கேட்டார்.

சுவரில் ஒட்டியிருந்த துண்டை ஆன்ட்டி உரித்து எடுத்து, சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "படம் இங்கேயே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரிக்க மறந்து மழையில் இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை கடைத் தொலைபேசி அடித்தது. சபாபதி அண்ணன் வெளியே போயிருந்தார். நான் எடுத்தேன். தீபனின் குரல்.

"யாரு லா அந்தப் படத்தை எடிட் பண்ணது? எனக்கு ஒண்ணு காட்டிட்டு வேற ஒண்ணு அடிச்சிருக்கீங்க? அங்க ஊர்க்காரங்க முன்னாடி அந்தத் துண்டை நீட்டிக் கேள்வி கேட்கிறாங்க என்னை!"

"நான்தான்," என்றேன்.

மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "யோகாவா?"

"நீதான கேட்ட? எந்தக் கை, காட்டுன்னு."

அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவனாக வைக்கும்வரை தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.

கல்யாணம் நின்றது.

இரண்டு மாதம் கழித்துச் சாந்தினி கூப்பிட்டாள். சின்னக் குரல்.

"அக்கா, உங்களைத் திட்டக் கூப்பிடல. ஒண்ணு கேட்கணும். அத்தை அந்தத் துண்டை சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்காங்க. நான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அதுல நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"கொஞ்சம் கருமையாக்கினேன்."

"எவ்வளவு?"

"தெரியல, மா. ஞாபகம் இல்ல."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவர் பிடிச்சாரு, அக்கா," என்றாள். "மெர்சிங் போறதுக்கு முந்தின நாள் கார்ல. அது நெஜம். ஆனா அவ்வளவு கறுக்கல. அவ்வளவு கறுத்திருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?"

அசல் ஃபைல் அந்தப் படக்காரரிடம் இன்னும் இருக்கும். கேட்டால் கொடுப்பார். திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் கேட்கவில்லை.

தீபன் சிங்கப்பூருக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறான். இதுவரை கல்யாணம் ஆகவில்லை. சாந்தினி பண்டார் தெங்காராவில் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் இருக்கிறாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஸ்தூரி ஆன்ட்டி போன மாசி மாதம் இறந்துபோனார். அவருடைய அஞ்சலிப் படத்தை வேறு கடையில் அடித்தார்கள். அந்தப் படக்காரர் சபாபதி அண்ணனுக்கு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார். அண்ணன் என்னை ஒரு வாரம் திட்டினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. வசந்தன் அண்ணன் ஒரு நாள் டுரியான் பழத்தோடு வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எதையும் கேட்காமல் போனார். ஆறடிப் படம் காகித அலமாரிக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறது. நான் அதே நாற்காலியில் வேலை செய்கிறேன்.