நீக்குவதற்கு முன்

...இந்தச் சொல்லைப் போட்டால் ஒரு பயலும் தேடமாட்டான், 'சேமிப்பக மேலாண்மை'யாம், எழுதிய மகராசனுக்குப் புரிந்தால் போதுமா, கோப்பைச் சேமிக்க முடியாமல் தவிக்கும்போது எவன் மேலாண்மையைத் தேடுவான், 'இடம் இல்லை' என்றுதான் தேடுவான், சரி, மென்பொருள் கையேட்டின் கடைசியில் இவள் போடும் சொல்லடைவில் 'இடம் இல்லை' என்றே ஒரு பதிவு, பக்கம் 212, அடுத்தது 'நீக்குதல்', பக்கம் 87... அது மட்டும் போதுமா? நீக்குதல் என்று தேடி வருகிறவர்கள் எல்லாம் நீக்கவா வருகிறார்கள், பாதிப் பேர் வேறு வழி தெரியாமல் வருகிறவர்கள், அவர்களுக்காக 'முதலில் நகல் எடுக்க' என்று கீழேயே ஒரு வரி போடவேண்டாமா, இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் இந்த வேலையில்... காலையில் அக்கா கூப்பிட்டாளே. போனில் இடம் இல்லையாம், பழைய வாய்ஸ் மெசேஜை எல்லாம் எப்படி அழிப்பது என்று கேட்டாள், இவளும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அழுத்திப் பிடி, எல்லாவற்றையும் தேர்ந்தெடு, குப்பைத்தொட்டிப் படத்தைத் தொடு என்று மளமளவென்று ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டாள். யாருடைய குரல் என்று கேட்டாளா? அத்தான் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை, மனுஷன் டைப் அடிக்கச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் பேசித்தானே அனுப்புவார், சாவியை எங்கே வைத்தாய், மழை வருகிறது துணியை எடு, வர நேரமாகும் நீ சாப்பிட்டுவிடு... ஐயோ, அக்கா அழிக்கவா வழி கேட்டாள், பாவி, அழிக்காமல் இருக்கத்தானே கேட்டிருக்கிறாள்.

அக்கா எண்ணை அழுத்தினாள், மணி போய்க்கொண்டே இருந்தது, எடு, எடுத்துத் தொலையேன்...

"அந்த மெசேஜ் எல்லாம்... அழிச்சிட்டியாக்கா?"

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். சட்டுனு முடிஞ்சிடுச்சு. 'எதுக்குக்கா?'ன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு நெனச்சேன்."

இனி அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது, அந்தப் பக்கம் அக்காவும் வைக்கவில்லை, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது, போன வாரம் பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது என்று கூப்பிட்டாள், எண்ணெய் போடு என்றாள் இவள், அதற்கு முன்னால் மின்விசிறி சத்தம் போடுகிறது, ராத்திரி தூங்கவே முடியவில்லை என்றாள், இவள் எலக்ட்ரீஷியன் நம்பரை அனுப்பிவைத்தாள், அப்போதெல்லாம் அக்கா நிஜமாக எதைக் கேட்டாள்...