வள்ளலும் ஐஸ்கட்டியும்

அனல் வீசும் அடுப்பின் முன் நிற்பவர் ஐஸ்கட்டியைக் கடித்தால் அதில் வியக்க என்ன இருக்கிறது? ஆகவே, ரொட்டிக்கடைக்காரரின் வாயிலிருந்து நாளெல்லாம் எழுந்த கடுக்முடுக்கென்னும் ஓசையை எவரும் பொருட்படுத்தவில்லை. பனிக்காலம் வந்து, காதுவரை கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்ட பின்னரும் அவர் கடிப்பதை விடாதபோதுதான், கல்லாவில் இருந்த மச்சினி தலை நிமிர்ந்தாள்.

“அத்தான், வாய்க்குள்ள ரோடு போடுறீங்களா?”

“சூடு தணியட்டும்னுதான்மா.”

“குல்லாய் போட்டுக்கிட்டா? அக்கா, இது மசக்கையேதான். எந்த மாசம்னு கேளு.”

கேக்குக்குக் கிரீம் பூசிக்கொண்டிருந்த மனைவி திரும்பவே இல்லை. “எந்த மாசமா இருந்தா என்ன? சித்தி நீதான் வளர்க்கணும்.”

அவரும் சிரித்தார். மாவு மூட்டையோடு படியேறுகையில் பாதியில் நின்று மூச்சு வாங்குவதை மட்டும் இருவரிடமும் மறைத்தார். சொன்னால் ரத்ததான முகாமுக்குப் போகவிட மாட்டார்கள். முகாம் தவறாமல் கொடுத்துக் கொடுத்தே ஊர்வாயில் ‘வள்ளல்’ என்று பெயரெடுத்தவர் அவர். அங்கே முதல் நாற்காலி அவருடையது. மற்றவர்கள் அதில் உட்காரவும் கூசுவார்கள்.

முகாமன்று, விரலில் குத்திய துளியைச் சோதித்த நர்ஸ், மறுபடியும் சோதித்தாள்.

“அண்ணே, இன்னைக்கு உங்ககிட்ட எடுக்கக் கூடாது. ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. மண்ணு, சாக்பீஸ், ஐஸ்கட்டி, இப்படி எதையாவது திங்கணும்னு தோணுதா?”

அவர் வாய்க்குள் அப்போதும் ஓர் ஐஸ்கட்டி கடுக்கென்றது. உடன் வந்திருந்த மனைவி அவர் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கி, மூடியைத் திறந்து நர்ஸிடம் நீட்டினாள். உள்ளே ஐஸ்கட்டிகளைக் கண்ட நர்ஸ் சொன்னாள்:

“இரும்புச்சத்து குறைஞ்சா சிலருக்கு இப்படி ஆசை வரும். அடிக்கடி ரத்தம் குடுத்தாலே குறையலாம். ஆனா உள்ளுக்குள்ள எங்கயாவது கசியுதான்னும் டாக்டர் பாக்கணும். நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க.”

வள்ளலின் முகம் வாடியது நோயை எண்ணி அல்ல. வெறுமையாய்க் கிடந்த முதல் நாற்காலியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்க?”

“ஐஸ்காரர்னு,” என்றாள் மனைவி. சட்டைப் பொத்தான் தைக்கவும் தங்கையை ஏவுகிறவள், அத்தனை ஊசிப் பயக்காரி, விறுவிறுவென்று போய் அந்த நாற்காலியில் அமர்ந்தாள். விரற்சோதனையில் தேறினாள். பின்பு கண்களை இறுக மூடி, கணவரின் கையைப் பற்றி மாவு பிசைவதுபோல் பிசைந்தாள்.

“முடிஞ்சுதாம்மா?”

“இன்னும் குத்தவே இல்லக்கா,” என்றாள் நர்ஸ்.

வேறெங்கும் கசிவில்லை, கொடுத்துக் கொடுத்தே குறைந்திருக்கிறது என்று டாக்டர் சோதித்துச் சொல்லி, மாத்திரை எழுதித் தந்தார்; தாம் சொல்லும்வரை ரத்தம் கொடுக்கக் கூடாதென்றும் கண்டித்தார். சில வாரங்களில் படியேற்றம் எளிதாயிற்று. ஒருநாள் மச்சினி குளிர்பெட்டியைத் திறந்தபோது, எடுப்பாரின்றி ஐஸ்கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக் கிடந்தன.

“அக்கா, மசக்கை தீந்துடுச்சு,” என்று அவள் குரல் கொடுத்தாள்.

அந்நேரம் வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளர், “வள்ளலம்மா வீட்டுக்காரரே, ரெண்டு ரொட்டி குடுங்க,” என்றார்.

வேறு யாரையோ அழைக்கிறார் என்பதுபோல் ஒரு கணம் நின்ற கடைக்காரர், பிறகு இருப்பதிலேயே நன்றாய்ச் சிவந்த இரண்டைத் தேடி எடுத்தார்.